கடைசித் தவணை

"சித்தப்பா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

இப்படிச் சொன்னவன் என் அண்ணன் மகன். சொன்ன இடம், அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்து எடிசன் நகரில் ஒரு செல்போன் கடை. சென்ற வருஷம் கோடையில் அவன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்த சங்கதி இது. புரியாது என்று அவன் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்பது ஊரறிந்த அபிப்பிராயம். ஆனால் அன்று இரவு எல்லோரும் படுக்கப் போன பிறகு, சாப்பாட்டு மேஜைமேல் கிடந்த ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தேன். புரிந்தது. புரிந்துவிட்டதனால்தான் இதை எழுதும்படி ஆயிற்று.

நாங்கள் அந்தக் கடைக்குப் போனது மருமகளின் செல்போனுக்கு ஓர் உறை வாங்க. திரும்பி வந்தது இரண்டு புதிய செல்போன்களோடு. உறை வாங்க மறந்துவிட்டோம்!

கடைப் பையன் நல்லவன். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. இவர்களுடைய கணக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னும் பதினாலு மாதம் பாக்கி இருக்கிறது. ஆனால் அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதே இல்லை. இன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். மிச்சத்தை நாங்களே தள்ளுபடி செய்துவிடுகிறோம். கையிலிருந்து ஒரு காசு வேண்டாம்" என்றான். பழைய போன்களில் ஒரு கீறல் இல்லை. பேசினால் கேட்கிறது, படம் எடுத்தால் விழுகிறது. இதைத்தான் நான் மெதுவாகச் சொல்லப் போனேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் கணக்குத்தான் கதை. பழைய போனின் விலை 900 டாலர். மாதம் 25 டாலர் வீதம் 36 தவணை. 22 தவணை கட்டியாகிவிட்டது. அதாவது 550 டாலர். பாக்கி 350. அந்த 350-ஐத்தான் தள்ளுபடி செய்தார்களாம். சும்மாவா? பழைய போனைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் போனை வெளியே விற்றாலே ஏறக்குறைய அவ்வளவு தொகை கிடைக்கும். ஆகவே இது தள்ளுபடியும் அல்ல, தானமும் அல்ல. நம் பொருளை நம் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொண்டது. 550 டாலர் கட்டியவன் கையில் என்ன மிஞ்சியது? ஒரு துரும்பு இல்லை. புதிய போனின் விலை 1,080 டாலர், மாதம் 30, மறுபடியும் 36 தவணை, முதலிலிருந்து. இவன் பேசாமல் இருந்திருந்தால், அடுத்த 36 மாதத்தில் இவன் கட்ட வேண்டியது 350 டாலர்தான். இப்போது கட்டப்போவது 1,080. வித்தியாசம் 730. புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்குமாக 1,460. ஒரு காசு வேண்டாம் என்றானே, அதையும் பாருங்கள்: அந்த மாகாணத்து விற்பனை வரி 6.625 சதவிகிதம், பொருள் தவணையில் வந்தாலும் வரியை முழு விலைக்கும் அன்றைக்கே வைக்க வேண்டும். அதோடு "மாற்றும் கட்டணம்" என்று போன் ஒன்றுக்கு 35 டாலர். இரண்டு போனுக்குமாக அன்று அட்டையைத் தேய்த்தது 213 டாலர். இதற்குப் பெயர் இலவசம்.

கெடு முடிவதற்குள் செல்போனை மாற்றுகிறவர்களெல்லாம் மூடர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு காலத்தில் அமெரிக்காவில் மாற்றாமல் இருந்தவன்தான் மூடன். அந்தக் கதை வேடிக்கையானது. 2008-ல் ஆப்பிள் கம்பெனியின் இரண்டாவது ஐபோன் வந்தபோது அதன் விலை 199 டாலர் என்று விளம்பரம் செய்தார்கள். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் 199. ஒப்பந்தம் வேண்டாம் என்றால் அதே போன் 599. நடுவில் உள்ள 400 டாலரைப் போன் கம்பெனி தர்மம் செய்யவில்லை. மாதாந்தரக் கட்டணத்துக்குள் கரைத்து வசூலித்துக்கொண்டது. சரி, இரண்டு வருஷம் ஆனதும் அந்த 400 டாலர் தீர்ந்துவிடுகிறதே, மாதக் கட்டணம் குறைய வேண்டாமோ? குறையவே குறையாது! தீர்ந்துபோன கடனுக்கு மனிதன் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருப்பான். ஆகையால் கெடு முடிந்த மறுநாளே புதுப் போன் வாங்குகிறவன் புத்திசாலி, பழையதை வைத்துக்கொண்டிருப்பவன் ஏமாளி என்று ஆயிற்று. சிக்கனம் என்பதையே நஷ்டமாக மாற்றிவிட்ட ஏற்பாடு அது. நடுவில் விலக நினைத்தாலோ அபராதம். வெரைசான் கம்பெனி 2009-ல் அந்த அபராதத்தை 350 டாலராக உயர்த்தியது. மாதத்துக்குப் பத்து டாலர் வீதம் அது குறைந்துகொண்டு வரும். 23 மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கடைசி மாதத்தில் விலகினாலும் 120 டாலர் அழ வேண்டும். வட்டிக்கடைக்காரர்கள்கூட இப்படிக் கணக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதற்கு ஒரு முடிவு 2013-ல் வந்தது. டி-மொபைல் என்ற கம்பெனி, போன் விலை வேறு, பேசும் கட்டணம் வேறு என்று பிரித்துப் போட்டது. போனுக்கான தவணை முடிந்ததும் மாதப் பில் அவ்வளவுக்குக் குறையும். நியாயமான காரியம். நான் மனதாரப் பாராட்டுகிறேன். பல வருஷங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அமெரிக்கக் குடும்பஸ்தனின் கண்ணுக்குக் கடைசித் தவணை என்று ஒரு நாள் தெரிந்தது.

அது மார்ச் மாதம். ஜூலை மாதத்தில் என்ன நடந்தது தெரியுமா? அதே டி-மொபைல், மாதம் பத்து டாலர் கட்டினால் கெடுவுக்குக் காத்திராமல் வருஷத்துக்கு இரண்டு தடவைகூடப் போனை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஏ.டி. அண்ட் டி. ஒரு திட்டம், வெரைசான் ஒரு திட்டம். ஏ.டி. அண்ட் டி. திட்டத்தில் 20 தவணை. 12 கட்டியதும் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு அறுபது பங்கு விலை கொடுத்தவன் பொருளையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு முதல் தவணைக்குத் திரும்புவான்! இதற்கு அவர்கள் வைத்த பெயர்களைப் பார்த்தால் தாவுதல், அடுத்தது, முனை என்று ஒரே உற்சாகம். வாடகை என்று மட்டும் ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

என் குற்றச்சாட்டு இதுதான். கடைசித் தவணை என்று ஒரு நாள் ஜனங்கள் கண்ணில் பட்டவுடனே, அந்த நாளை அவர்கள் போய்ச் சேராதபடி பார்த்துக்கொள்வதே ஒரு வியாபாரமாகிவிட்டது. புதுப் போன் விற்பது அதில் பாதி வேலைதான். கடன் தீரவிடாமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. கடன் தீர்ந்தவன் அபாயமான ஆசாமி. அவன் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான். அல்லது எங்கும் போகாமல், ஒன்றும் வாங்காமல், திருப்தியாக உட்கார்ந்திருப்பான்.

திருப்தியான மனிதனைக் கண்டு வியாபாரி பயப்படுவது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த சார்லஸ் கெட்டரிங், 1929 ஜனவரியில் ஒரு வியாபாரப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். வாடிக்கைக்காரனை அதிருப்தியிலேயே வைத்திருங்கள் என்பதுதான் அதன் தலைப்பு. ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. (அதே வருஷம் அக்டோபரில் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் தலைகுப்புற விழுந்தது; அப்புறம் பல வருஷங்களுக்கு ஜனங்களை அதிருப்தியில் வைக்கத் தனி முயற்சி தேவைப்படவில்லை.) காருக்குக் கடன் கொடுப்பதற்கென்றே அந்தக் கம்பெனி 1919-லேயே ஒரு தனி ஸ்தாபனம் வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு புது மாடல், அதை வாங்கக் கடன், பழையதைக் கழித்துக்கொள்ளும் வசதி: மூன்றையும் அவர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள். செல்போன்காரர்கள் காரைச் சட்டைப் பைக்குள் வைத்தார்கள், அவ்வளவுதான்.

"பேட்டரி போய்விடுகிறதே, மாற்றாமல் என்ன செய்வது?" என்று கேட்பார்கள். பேட்டரி போனால் பேட்டரியை மாற்றுவது. இது அவ்வளவு பெரிய வேதாந்தமா? ஆப்பிள் கம்பெனி, பழைய போன்களின் பேட்டரி தளர்ந்ததும் அவற்றின் வேகத்தைத் தானே குறைத்து வைத்ததாக 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. திடீரென்று போன் அணைந்துபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்ததாகச் சமாதானம் சொன்னது. கூச்சல் கிளம்பவே, 79 டாலருக்கு மாற்றிக் கொடுத்த பேட்டரியை 2018 முழுவதும் 29 டாலருக்கு மாற்றிக் கொடுத்தது. ஜனங்கள் மாற்றிக்கொண்டார்கள். பிறகு நடந்ததுதான் ரசமானது. 2019 ஜனவரி 2-ந் தேதி அந்தக் கம்பெனியின் தலைவர் டிம் குக் பங்குதாரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எதிர்பார்த்த வருமானம் வராது, 84 பில்லியன் டாலர்தான் வரும் என்று தெரிவித்தார். முக்கியமான காரணம் சீனாவில் வியாபாரம் படுத்தது. ஆனால் வேறு காரணங்களும் அதில் உண்டு. போன் கம்பெனிகள் முன்போல விலையில் பங்கு போடாதது ஒன்று. ஜனங்கள் மலிவு விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டது இன்னொன்று. எப்படி இருக்கிறது? வீட்டுக்காரன் செருப்பைத் தைத்துப் போட்டுக்கொண்டான் என்பதைச் செருப்புக்கடைக்காரர் துக்கச் செய்தியாக அறிவிக்கிறார்! நல்ல போனுக்கு 29 டாலர் பேட்டரி போதும் என்று இதைவிடத் தெளிவாக யாரால் சாட்சி சொல்ல முடியும்?

விஞ்ஞானம் முன்னேறுகிறது, நாமும் கூட ஓட வேண்டாமா என்பது அடுத்த வாதம். என் அண்ணன் மகனின் வாதமும் அதுதான். கண் பார்வையில்லாத ஒருவருக்குப் புதிய போன் ஒன்று எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுமானால் அவர் இன்றே மாற்றட்டும். போனே பிழைப்பாக இருப்பவர்கள் மாற்றட்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன போனில் பாங்குக் கணக்கை வைத்துக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் கூகிள் 2023-லும் சாம்சங் 2024-லும் தங்கள் உயர்ந்த ரகப் போன்களுக்கு ஏழு வருஷம் திருத்தங்கள் தருவதாக அறிவித்துவிட்டன. செய்தவனே ஏழு வருஷம் உழைக்கும் என்று சொல்லும் பொருளை, வாங்கியவன் இரண்டு வருஷம் முடிவதற்குள் தூக்கிக் கொடுப்பானேன்? அவன் புதுப் போனில் என்ன விசேஷம் என்று மூன்று மாதமும் கவனித்துப் பார்த்தேன். அவன் பெண் குழந்தையைப் படம் எடுத்தான். முன்பும் அதைத்தான் எடுத்தான். குழந்தை முன்பும் அழகாகத்தான் இருந்தது.

"என் காசு, என் இஷ்டம்" என்று ஒரு வாதம் உண்டு. அதற்கு மேல் பேச்சில்லை என்பதுபோல அதைச் சொல்வார்கள். உன் காசாக இருந்தால் உன் இஷ்டம்தான் அப்பா. நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் இது உன் காசு அல்லவே! நீ இன்னும் சம்பாதிக்காத காசு அல்லவா? அதைச் சம்பாதிக்கப் போகிறவன் மூன்று வருஷம் கழித்து வரப்போகிற இன்னொரு மனிதன். அவனுக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, அவன் எந்த ஊரில் இருப்பானோ, நமக்குத் தெரியாது.

வெறும் வாய்வார்த்தைக்காக இதைச் சொல்லவில்லை. என் அண்ணன் மகன் இருப்பது வேலை விசாவில். வேலை போனால் அறுபது நாள் அவகாசம்; அதற்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். அவன் குடியிருப்பில் மாடியில் இருந்த ஒரு தமிழ்ப் பையனுக்கு அப்படித்தான் நேர்ந்தது. காரை விற்றான், நாற்காலி மேஜையைக் கொடுத்துவிட்டான். செல்போன் கணக்கை மூடப்போனால், பாக்கித் தவணை முழுவதையும் ஒரே மூச்சில் கட்டச் சொன்னார்கள். அவனுக்கும் "இலவச"ப் போன்தான். அந்த இலவசத்தின் சூட்சுமம் என்னவென்றால், மாதாமாதம் தவணையை ஒரு பக்கம் பற்று எழுதி, அதே தொகையை இன்னொரு பக்கம் வரவு வைப்பார்கள். நீங்கள் விலகுகிற நாளில் வரவு நின்றுவிடும், பற்று மட்டும் நிற்கும். பாக்கி தீரும்வரை போனுக்குப் பூட்டு வேறு; அந்தக் கம்பெனி சிம்மைத் தவிர வேறொன்றையும் அது ஏற்காது. ஊருக்குக் கொண்டுவந்தால் நம்மூர் சிம் அதில் வேலை செய்யாது. காசு கொடுத்து வாங்கிய போனின் பூட்டைத் திறப்பதே குற்றம் என்று 2013-ல் அந்த நாட்டில் ஒரு நிலைமை வந்து, லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெள்ளை மாளிகைக்கு மனுப்போட்டு, 2014 ஆகஸ்டில் அதற்காக ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சட்டம் கடன் தீர்த்தவனுக்குத்தான் உதவும். மாடிப் பையனுக்கு உதவவில்லை. வேலையில்லாதவன், கடன் வாங்கி, போன் கடனைக் கட்டிவிட்டு விமானம் ஏறினான்.

இங்கே நம் ஊரில் போன் கம்பெனியோடு இப்படிக் கட்டிப்போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் இல்லை. முன்பணம் கட்டிப் பேசுகிறோம். அதற்காக மீசையை முறுக்க வேண்டாம். ஒப்பந்தம் வராத வழியாகத் தவணை வந்து சேர்ந்துவிட்டது. ரிசர்வ் பாங்கு 2013 செப்டம்பரிலேயே, வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது, வட்டியை வேறு கட்டணமாக மறைத்து வாங்கக் கூடாது என்று பாங்குகளுக்குச் சொல்லிவிட்டது. இன்று அதே சரக்கு "நோ காஸ்ட்" என்ற புதுச் சட்டையில் வருகிறது. ரொக்கக்காரனுக்குக் கிடைக்கும் தள்ளுபடி பெரும்பாலும் அங்கே வட்டியாகிவிடுகிறது. தவணை முடிவதற்குள் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கச் சொல்லும் விளம்பரம் தீபாவளிக்குத் தீபாவளி முதல் பக்கத்தில் வருகிறது.

தவணையே பாவம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வீட்டில் என் தாயார் தையல் மிஷின் வாங்கியது தவணையில்தான். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி சைக்கிளில் ஒரு மனிதர் வருவார். அவருக்கான பணம் அரிசிப் பானைக்கு அடியில் மடித்துத் தயாராக இருக்கும். அவர் அப்படி ஒன்றும் தங்கமான மனிதர் அல்ல. ஒரு மாதம் இரண்டு நாள் தாமதமானதற்குத் தெரு கேட்கும்படி பேசிவிட்டுப் போனார். அன்று அம்மா சாப்பிடவில்லை. கடன் அன்றும் கடன்தான். பழைய காலம் பொற்காலம் என்று கதை விட நான் தயாரில்லை. ஆனால் ரசீதுகளை அம்மா ஒரு கம்பியில் குத்திவைத்து எண்ணிக்கொண்டு வந்தாள். கடைசி ரசீது வந்த அன்று மிஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பாயசம் பண்ணினாள். அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. வாங்கிய அன்று ஒன்றும் செய்யாதவள், இரண்டு வருஷம் கழித்து என்ன கொண்டாட்டம் என்று நினைத்தேன். மறுநாள் முதல் அவள் தைத்த ஒவ்வொரு ரவிக்கைக்கும் வந்த கூலி முழுசாக அவளுடையது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தப் பாயசம் என் அண்ணன் மகன் வீட்டில் ஒரு நாளும் வைக்க முடியாது. மறுநாள் காலை என் காகிதத்தை அவனிடம் காட்டினேன். காபியைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். படித்தவன், கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டான். "எல்லாம் சரிதான் சித்தப்பா. ஆனா முப்பத்தாறு மாசம் இதை யார் வெச்சிருக்கப் போறா? பாதி கட்டினதும் மாத்திட வேண்டியதுதான்" என்றான்.

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். புதிய போனைப் பதினாலு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. பழைய போனை அனுப்புவதற்காகக் கடைக்காரன் கொடுத்த அட்டைப்பெட்டி இன்னும் ஒட்டப்படாமல் அலமாரியில் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் தன்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கு ஐம்பது டாலர் பிடித்துக்கொண்டார்கள். அவன் கொடுக்கவில்லை.

போன வாரம் பேசியபோது அவளுக்குப் பாக்கி எட்டுத் தவணை என்றாள். "ரசீதை எல்லாம் ஒரு கம்பியில் குத்தி வை அம்மா" என்றேன்.

"இங்கே ஏது மாமா ரசீது? எல்லாம் இ-மெயிலில்தானே வருகிறது!" என்று சிரித்தாள்.